முதலில் இழப்பீடு, பிறகு மடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த புனித தாமஸ் பெக்கெட் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இங்கிலாந்தின் காண்டர்பரி பேராயரான அவர் 1170 டிசம்பர் 29 அன்று தம் பேராலயத்துக்குள்ளேயே மன்னரின் வீரர்களால் வெட்டிக் கொல்லப்பட்டதையும், அந்தப் பாவத்துக்காக 1174இல் இரண்டாம் ஹென்றி மன்னர் வெறுங்காலுடன் கல்லறைக்கு வந்து துறவிகளிடம் கசையடி வாங்கியதையும் கண்முன் நிறுத்தியிருந்தீர்கள். ஆனால் மன்னரின் பரிகாரம் அந்தக் கசையடியோடு முடிந்துவிட்டதாக எழுதியிருந்தது எனக்குப் பெரிய மனக்குறை. அதன் அடுத்த பகுதியில்தான் இன்னொரு புனிதர் வருகிறார்: பின்னாளில் லிங்கன் நகரின் ஆயரான ஹியூ.

பாவத்துக்குக் கழுவாயாக மடங்கள் அமைத்துத் தருவதாக ஹென்றி வாக்களித்திருந்தார். அவற்றில் ஒன்று, சாமர்செட் பகுதியிலுள்ள விதாம் என்ற ஊரில் அமைந்த, தனிமையிலும் மௌனத்திலும் வாழும் கர்த்தூசியத் துறவிகளின் மடம். இங்கிலாந்தில் அந்தச் சபைக்கு அதுவே முதல் மடம். முதலில் வந்த தலைவரால் அங்கே நிலைக்க முடியவில்லை. அடுத்தவர் இறந்துபோனார். மூன்றாவதாக, ஆல்ப்ஸ் மலையிலுள்ள தாய்மடத்திலிருந்து மன்னர் கேட்டுப் பெற்ற துறவிதான் ஹியூ. இன்றைய பிரான்சின் அவலோனில் பிறந்தவர்.

அவர் வந்து பார்த்தபோது, மடத்துக்கென ஒதுக்கிய நிலத்தில் குடியானவர்கள் குடியிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு வழி செய்யாமல் பொறுப்பேற்க மாட்டேன் என்று ஹியூ மன்னரிடம் சொல்லிவிட்டார். மன்னரின் வேறு பண்ணைகளில் இதே அளவு நிலமும் வீடும் வேண்டுமா, அல்லது அடிமைக்கட்டிலிருந்து விடுதலை வேண்டுமா என்று அவர்களிடமே கேட்கப்பட்டது. அதோடு அவர் விடவில்லை. அவர்கள் விட்டுச்செல்லும் வீடுகளுக்கும், நிலத்தைத் திருத்தப் பட்ட பாட்டுக்கும் கடைசிக் காசுவரை மன்னர் கொடுத்தாக வேண்டும் என்றார். ஹென்றி கொடுத்தார். கொடுத்து முடித்ததும் ஹியூ, இப்போது இந்த வீடுகள் உங்களுடையவை, இவற்றை எனக்குத் தாருங்கள் என்று கேட்டார். வாங்கிய கையோடு, மரங்களையும் மற்றப் பொருள்களையும் பிரித்துக்கொண்டு போகும்படி பழைய சொந்தக்காரர்களுக்கே அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் நில எடுப்புப் பணியில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். காசோலையை வாங்கிக்கொண்ட ஒரு மூதாட்டி, நிலைக்கதவை மட்டும் கழற்றிக்கொள்ளட்டுமா என்று என்னிடம் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது. பணம் கொடுத்தாகிவிட்டது, இனி எல்லாம் எடுத்தவருக்குச் சொந்தம் என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்குக்கு அப்பால் ஒரு நிலைக்கதவு இருக்கிறது என்பதை 12ஆம் நூற்றாண்டில் ஒரு துறவி பார்த்திருக்கிறார். அதனால்தான் இந்த நிகழ்ச்சியை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

அதே மடத்துக்கு மன்னர் ஓர் அழகிய பைபிளை அன்பளிப்பாகக் கொடுத்தார். அது வின்செஸ்டர் துறவிகள் தங்களுக்காக எழுதி உருவாக்கியது, மன்னர் கேட்டதால் கொடுக்க நேர்ந்தது என்று பிறகு ஹியூவுக்குத் தெரியவந்தது. அதை அவர்களிடமே திருப்பி அனுப்பிவிட்டார்.

1186இல் அவர் லிங்கன் ஆயரானார். அப்போதும் மன்னரின் கண்முன்னே நடந்த தேர்தலை ஏற்க மறுத்தார். பேராலயக் குருக்கள் தங்கள் சொந்த மன்றத்தில் கூடித் தாங்களாகவே தேர்ந்தெடுத்த பிறகுதான், அதுவும் தாய்மடத் தலைவரின் உத்தரவு வந்த பிறகுதான் இசைந்தார். 1185 நிலநடுக்கத்தில் சிதைந்த பேராலயத்தை எடுத்துக் கட்டும்போது தாமே கல் சுமந்தார். படங்களில் அவர் அருகே ஓர் அன்னம் நிற்கும். பலருக்கும் அவரைப் பற்றித் தெரிந்தது அந்த அன்னம் மட்டுமே என்பது வருத்தம் தருகிறது. 1197இல், பிரான்சில் நடந்த போருக்கு, ஹென்றியின் மகனான ரிச்சர்ட் மன்னர் ஆயர்களிடம் படைவீரர்களைக் கேட்டார். கடல் கடந்து படை அனுப்பும் கடமை என் ஆலயத்துக்கு இல்லை என்று மறுத்தவர் இவர். அவருடைய உடைமைகளைப் பறிக்க மன்னர் ஆணையிட்டதும், மன்னர் இருந்த பிரான்சின் நார்மண்டிக்கே நேரே போனார். ஆயரை வரவேற்கும் வழக்கமான சமாதான முத்தத்தைத் தராமல் முகத்தைத் திருப்பிக்கொண்ட மன்னரின் அங்கியைப் பற்றி உலுக்கி, அதைப் பெற்றுக்கொண்டுதான் விட்டார்.

இவற்றையெல்லாம்விட 1190ஐ நீங்கள் எழுத வேண்டும். சிலுவைப்போர் வெறியில் யார்க், ஸ்டாம்ஃபோர்டு போன்ற ஊர்களில் யூதர்கள் கொல்லப்பட்ட ஆண்டு அது. ஸ்டாம்ஃபோர்டில் யூதர்களைக் கொள்ளையடித்த இளைஞன் ஒருவன் நார்தாம்ப்டனில் அந்தப் பணத்துக்காகவே கொலையானான். மக்கள் அவனை மறைச்சாட்சி, அதாவது நம்பிக்கைக்காக உயிர்விட்டவன், என்று கும்பிடத் தொடங்கினார்கள். கூட்டமும் காணிக்கையும் பெருகின. ஹியூ அங்கே போய், ஊராரின் ஆத்திரத்தைப் பொருட்படுத்தாமல் அந்த வழிபாட்டைத் தடைசெய்தார். காணிக்கை சேரும் இடத்தை ஓர் ஆயரே மூடினார் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

1200 நவம்பர் 16 அன்று லண்டனில் இறந்தார். உடல் லிங்கனுக்கு வந்தபோது ஜான் மன்னரும் பாடைக்குத் தோள் கொடுத்தார். லிங்கன் யூதர்கள் அழுதுகொண்டே உடன் வந்ததாக, அவருடன் வாழ்ந்த துறவி எழுதிவைத்திருக்கிறார். 1220இல் திருத்தந்தை மூன்றாம் ஹொனோரியஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். கர்த்தூசியர்களில் அந்தப் பட்டம் பெற்ற முதல்வர் இவரே.

தாங்கள் இவரைப் பற்றித் தனிக் கட்டுரை வெளியிட வேண்டும். வெளியிடும்போது ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. 1255இல் அதே லிங்கனில் ஹியூ என்ற சிறுவன் கிணற்றில் பிணமாகக் கிடந்தான். யூதர்கள் பலி கொடுத்தார்கள் என்ற பொய்ப் பழியால் 19 யூதர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். சிறுவனுக்கு அந்தப் பேராலயத்திலேயே கல்லறையும் வழிபாடும் எழுந்தன. அந்தக் கதை பொய் என்று கூறி வருந்தும் பலகை அங்கே வைக்கப்பட்டது 20ஆம் நூற்றாண்டில்தான். ஒரே ஊர், ஒரே பெயர் என்பதால் இருவரையும் குழப்பி எழுதுவோர் உண்டு. தங்கள் இதழில் அந்தத் தவறு நேர்ந்துவிடக் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பாளையங்கோட்டை