இறால் ஓட்டுக்கு வயது பார்க்க வேண்டும்

செம்பூர், மும்பை
ஆகஸ்ட் கடைசி

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் கார்த்தியின் திட்ட அறிக்கையும் ஒன்றாக வந்து சேர்ந்தன. தங்கச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்று எழுதியிருந்தாயே, முதலில் அதுதான் நிம்மதி. இங்கே நாங்கள் சுகம். மழை விட்டபாடில்லை, துணி காயவில்லை என்று வீட்டில் தினமும் ஒரு புலம்பல். வேறு விசேஷம் இல்லை.

அறிக்கையைப் பொறுமையாகப் படித்தேன். பையன் உழைத்திருக்கிறான், சந்தேகமில்லை. தலோஜாவில் வாடகை ஷெட், இறால் ஓட்டின் நார்ப்பொருளான கைட்டினை எடுத்துக் கைட்டோசானாக மாற்றும் தொழில், யந்திரப் பட்டியல் மட்டும் பக்கம் பக்கமாக. ஆனால் ஓடு எங்கிருந்து, எத்தனை மணிக்கு, என்ன நிலையில் வந்து சேரும் என்பதற்கு ஒரே ஒரு வரி. அந்த வரியைத்தான் பத்துப் பக்கமாக எழுதியிருக்க வேண்டும் என்பேன்.

முதலில் கண்டுமுதல் கணக்கைப் பார். 100 கிலோ ஓட்டுக்கு 14 கிலோ கைட்டோசான் என்று போட்டிருக்கிறான். அது காய்ந்த ஓட்டுக்குச் சரி. அவன் வாங்கப்போவதோ ஈர ஓடு. ஈர ஓட்டில் முக்கால் பங்கு தண்ணீர். 100 கிலோ வாங்கினால் காய்ந்த எடை 25 கிலோ. அதில் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட், ஏறத்தாழ 10 கிலோ. புரதமும் கிட்டத்தட்ட அதே அளவு. கைட்டின் 5 கிலோ தேறும். கைட்டினைக் கைட்டோசான் ஆக்கும்போது அதிலுள்ள அசிட்டைல் என்ற பகுதி கழன்றுபோவதால் காகிதக் கணக்கிலேயே ஐந்தில் ஒரு பங்கு எடை போய்விடும், கழுவும்போது போவது தனி. ஆக, கையில் மூன்றரை கிலோ. பதினாலுக்கும் மூன்றரைக்கும் நடுவே வாடகை, வட்டி எல்லாம் காணாமல் போய்விடும். முதலில் இதைத் திருத்தச் சொல்.

இப்போது ஓட்டின் வயது. இறால் தலையில் செரிமான நொதிகள் இருக்கின்றன, இறால் செத்த பிறகும் அவை வேலையை நிறுத்துவதில்லை. தலையும் ஓடும் ஒரே கூடையில் கிடந்தால் சில மணி நேரத்தில் சாறு இறங்கி, பாக்டீரியா ஏறி, ஓடு கறுக்க ஆரம்பிக்கும். அந்தக் கறுப்பு காஸ்டிக் சோடாவிலும் முழுக்கப் போகாது, ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டிலும் போகாது, கடைசியில் வெள்ளைக் கைட்டோசான் செதிலில் கரும்புள்ளியாக வந்து நிற்கும். கெட்டுப்போன ஓட்டில் கைட்டினின் மூலக்கூறுச் சங்கிலி முன்பே அறுபட்டிருப்பதால் பாகுத்தன்மையும், அதாவது கரைசலின் கெட்டித்தன்மையும், கிடைக்காது. மும்பை மீன்பிடித் துறைமுகமான சசூன் டாக்கில் உரிக்கும் வேலை விடியற்காலையில் தொடங்கிவிடுகிறது. வண்டி மத்தியானம் போனால் நீங்கள் ஏற்றிவருவது ஓடு இல்லை, நாற்றம்தான். கார்த்தி செய்ய வேண்டியது இவ்வளவுதான்: உரிக்கும் பெண்களுக்குத் தலைக்கு ஒரு கூடை, ஓட்டுக்கு ஒரு கூடை என்று கொடுக்க வேண்டும், பிரித்துத் தருவதற்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூடுதலாகக் கொடுக்க வேண்டும், ஓட்டுக் கூடையில் ஐஸ் போட வேண்டும், உரித்த நாலு மணி நேரத்துக்குள் ஓடு காஸ்டிக் தொட்டியில் இருக்க வேண்டும். அந்தக் கூடுதல் கூலியைச் செலவாக எழுதாதே, மூலப்பொருள் விலையாக எழுது.

பெரிய இறால் ஓட்டையும் பொடி இறால் ஓட்டையும் ஒரே தொட்டியில் போடவும் கூடாது. மெல்லியது வெந்து அறுந்துபோகும், தடித்தது உள்ளே சுண்ணாம்போடு நிற்கும்.

இன்னொன்று. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அறிக்கையில் பன்னிரண்டு மாதமும் ஒரே அளவு ஓடு வருகிறது! அந்த இரண்டு மாதத்துக்குப் பால்கர், ராய்கட் பக்கத்துப் பண்ணைகளின் வெனாமி இறாலை நம்ப வேண்டும், இல்லையென்றால் முன்பே கைட்டினாகக் காயவைத்து இருப்பு வைக்க வேண்டும். காய்ந்த கைட்டின் ஈரம் படாமல் இருந்தால் மாதக்கணக்கில் கெடாது. கொட்டகையில் காயப்போட்ட ஓடு அப்படி நிற்காது. இந்த ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், புரதம் இறுகிப்போய் காஸ்டிக்கில் இன்னும் நேரம் தின்னும்.

செய்முறையில் அவன் எழுதியிருக்கும் வரிசை சரிதான்: முதலில் புரதத்தைக் கரைக்கக் காஸ்டிக், பிறகு சுண்ணாம்பைக் கரைக்க ஆசிட். 100 கிலோ ஓட்டுக்கு 200 லிட்டர், 4 சதவீதக் காஸ்டிக், அதாவது 8 கிலோ காஸ்டிக் செதில். 70 முதல் 80 டிகிரியில் ஒன்றரை மணி நேரம். புரதம் போய்விட்டதா என்று பார்க்க, கழுவிய ஓட்டைக் கொஞ்சம் காஸ்டிக்கில் ஊறவைத்து ஒரு சொட்டு மயில்துத்தக் கரைசல் விட்டால் போதும். ஊதா நிறம் வந்தால் புரதம் இன்னும் இருக்கிறது.

ஆசிட்டில்தான் நிறையப் பேர் தொட்டியை வழியவிடுகிறார்கள். 10 கிலோ சுண்ணாம்புக்கு 7.3 கிலோ ஹைட்ரஜன் குளோரைடு வேண்டும். கடையில் கிடைக்கும் 30 சதவீத ஆசிட்டில் அது 24 கிலோ, கொஞ்சம் கூட்டி 28 என்று வை. அதை 4, 5 சதவீதத்துக்கு நீர்க்கவைத்து, சாதாரண வெப்பத்திலேயே செய்ய வேண்டும், சூடாக்கக் கூடாது. சூடான ஆசிட் சுண்ணாம்போடு சேர்த்துக் கைட்டின் சங்கிலியையும் வெட்டும். அந்த 10 கிலோ சுண்ணாம்பிலிருந்து 4.4 கிலோ கரியமில வாயு கிளம்பும், கன அளவில் ஏறக்குறைய 2,400 லிட்டர். நுரை கட்டிக்கொண்டு ஓட்டையும் தூக்கிக்கொண்டு விளிம்பு தாண்டி வரும். அதனால் தொட்டியில் பாதிக்கு மேல் நிரப்பாமல், ஆசிட்டை மூன்று நாலு தவணையாக விட வேண்டும். வாயு வெளியேற வழி இருக்க வேண்டும், மூடிய அறையில் ஆள் நிற்கக் கூடாது. புது ஆசிட் விட்டும் குமிழி வரவில்லை, அரை மணி கழித்தும் பி.எச். 2-க்குக் கீழேயே நிற்கிறது என்றால் வேலை முடிந்தது. அதற்கு மேல் ஊறவிடுவது நஷ்டம்.

யந்திரப் பட்டியலில் ஆசிட்டுக்கும் காஸ்டிக்குக்கும் ஒரே எஸ்.எஸ்., அதாவது எவர்சில்வர், தொட்டி என்று இருக்கிறது. உயர்ந்த 316 ரகம் ஆனாலும் இந்த ஆசிட் அரித்து ஓட்டை போட்டுவிடும். ஆசிட்டுக்குத் தடித்த எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் தொட்டி, சூடான காஸ்டிக்குக்கு எஸ்.எஸ். அலுமினிய அண்டா எதுவும் ஷெட்டுக்குள்ளேயே வரக் கூடாது. காஸ்டிக் அதைக் கரைத்து ஹைட்ரஜனைக் கிளப்பும், பக்கத்தில் பர்னர் எரிந்தால் கேட்கவே வேண்டாம். நிறம் எடுக்க பிளீச்சிங் என்று எழுதியிருக்கிறானே, ஆசிட் மிச்சமிருக்கும் ஓட்டில் அது பட்டால் குளோரின் வாயு. எனக்குக் கேட்டால் பிளீச்சிங்கே வேண்டாம். கைட்டின் கட்டத்தில் வெயிலில் மெல்லிசாகப் பரப்பினால் இளஞ்சிவப்பு பெரும்பாலும் தானே வெளுத்துவிடும், சங்கிலிக்கும் சேதம் குறைவு.

அடுத்தது கைட்டோசான் ஆக்குவது. 50 சதவீதக் காஸ்டிக், 90 முதல் 100 டிகிரி, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். சீராக வந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு கிராமை 100 மில்லி ஒரு சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரைத்து மெல்லிய துணியில் வடிகட்டச் சொல். வேகாத ஜவ்வரிசி மாதிரி நடுவில் வெள்ளையாக உருண்டை தங்கினால், செதிலின் உள்ளே காஸ்டிக் போகவில்லை என்று அர்த்தம். அதற்கு நேரத்தைக் கூட்டினால் வெளிப்புறம் அறுந்துபோகும். செதிலைச் சின்னதாக, ஒரே அளவாக உடைத்துப் போட வேண்டும். இல்லையென்றால் ஒரு மணி நேரம் வேகவைத்து, கழுவி, மறுபடி ஒரு மணி நேரம். உலர்த்தும்போது 60 டிகிரியைத் தாண்ட வேண்டாம்.

இந்தக் கட்டத்தில் ஒரு கணக்கு இருக்கிறது, அதை விட்டால் தொழிலே நிற்காது. 5 கிலோ கைட்டினுக்கு 50 லிட்டர் கரைசல் என்றால் அதில் 38 கிலோ காஸ்டிக். உண்மையில் வேதிவினையில் செலவாவது வெறும் ஒரு கிலோ! மிச்சம் 37 கிலோ அப்படியே இருக்கிறது. கார்த்தி அதைக் கொட்டி, ஆசிட் விட்டு நடுநிலையாக்குவதாக எழுதியிருக்கிறான். கொட்டவே கூடாது. துணி பிழியும் ஹைட்ரோ யந்திரத்தில் செதிலைப் போட்டுப் பிழிந்து, கரைசலை வடிகட்டி அடுத்த பேட்சுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பேட்சிலும் அதிலிருந்து 11 லிட்டர் எடுத்து நீர்க்கவைத்தால் முதல் கட்டத்துக்கு வேண்டிய 8 கிலோ காஸ்டிக் அங்கேயே கிடைத்துவிடும். எடுத்த அளவுக்குப் புதுக் காஸ்டிக் சேர்த்துக்கொள்ளலாம். இப்படிச் சுற்றவிட்டால் அசிட்டைல் கழன்று கரைசலில் சேரும் அசிட்டேட்டும் எல்லைக்குள் நிற்கும். செதிலின் முதல் கழுவுநீரும் முதல் தொட்டிக்கே போகட்டும். (காஸ்டிக் செதிலைத் தண்ணீரில்தான் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதை ஷெட் சுவரில் மராத்தியிலும் இந்தியிலும் பெரிதாக எழுதி வைக்கச் சொல்.)

கழிவுநீர் விஷயத்தில் அவனுக்கு ரொம்ப நம்பிக்கை இருக்கிறது, எனக்கு இல்லை. புரதம் கரைந்த காஸ்டிக் நீரையும் தீர்ந்த ஆசிட் நீரையும் கலந்து பி.எச். 4-க்குக் கொண்டுவந்தால் புரதம் திரிந்து அடியில் தங்கும், அள்ளிவிடலாம். உப்பு அதிகம் என்பதால் தீவனத்துக்கு நல்ல விலை போகாது. ஆனால் மேலே நிற்கும் தண்ணீரில் அந்த 10 கிலோ சுண்ணாம்பு 11 கிலோ கால்சியம் குளோரைடாக மாறி உட்கார்ந்திருக்கும். ஒரு பேட்சுக்கு 1,500 லிட்டர் தண்ணீர் என்றாலும் இது மட்டுமே லிட்டருக்கு 7 கிராம் உப்பு. உப்பை எந்த பாக்டீரியாவும் தின்னாது. தலோஜா பொதுச் சுத்திகரிப்பு நிலையம் எவ்வளவு உப்பு வரை வாங்கிக்கொள்ளும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு ஷெட்டுக்கு முன்பணம் கொடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதிக்கும் அந்தக் காகிதம் உதவும்.

தலையை என்ன செய்வது என்று நீ தனியாகக் கேட்டிருந்தாய். மீன் கழிவை அரைத்து 3 சதவீதம் ஃபார்மிக் அமிலம் கலந்தால் சில நாளில் கூழாகி, நாற்றமில்லாமல் தீவனத்துக்குப் போகும். இறால் தலையில் அதே அளவு போட்டால் ஏமாந்துபோவீர்கள். தலையோட்டில் இருக்கும் ஒவ்வொரு கிலோ சுண்ணாம்பும் 920 கிராம் அமிலத்தைத் தின்றுவிடும். காலையில் 4-க்குக் கீழே இருந்த பி.எச். சாயங்காலம் 5-ஐத் தாண்டியிருக்கும், பிறகு அழுகல்தான். தினம் பி.எச். பார்த்துக்கொண்டே அமிலம் சேர்க்க ஆள் இருந்தால் செய்யலாம். இல்லையென்றால் தீவன ஆலைக்குப் பச்சையாகவே விற்றுவிடலாம்.

என் யோசனை: முதல் வருஷம் கைட்டினோடு நிறுத்திக்கொள்ளட்டும். அதை வாங்கி, மூட்டுவலிக்குச் சாப்பிடும் குளுக்கோசமைன் செய்பவர்களுக்குப் பாகுத்தன்மை ஒரு பொருட்டே இல்லை. எப்படியும் அவர்கள் சங்கிலியை அடர் ஆசிட்டில் துண்டுதுண்டாக வெட்டப்போகிறார்கள். சாம்பல் (எரித்தபின் மிஞ்சும் தாது) ஒரு சதவீதத்துக்குக் கீழே, நிறம் வெளுப்பு, ஈரம் குறைவு, அவ்வளவுதான் கேட்பார்கள். அதைச் சீராகக் கொடுக்கக் கை பழகிய பிறகு கைட்டோசான். பயிருக்குத் தெளிக்கும் மருந்தாக விற்கலாம் என்று எழுதியிருக்கிறான். 2021-இல் இப்படிப் பயிர் வளர்ச்சியைத் தூண்டும் உயிர் ஊக்கிகளையும் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள், பதிவில்லாமல் பாட்டிலில் அடைத்து விற்க முடியாது.

கணவாய் சுத்தம் செய்யும் இடத்தில் உள்ளே இருந்து கண்ணாடி மாதிரித் தெரியும் மெல்லிய தண்டை எடுத்து எறிவார்களே, அதைச் சேர்த்துவைக்கச் சொல். அதில் சுண்ணாம்பு அநேகமாகக் கிடையாது, ஆசிட் கட்டமே வேண்டாம். பீட்டா வகைக் கைட்டின், காஸ்டிக்கில் சீக்கிரம் மாறும். அளவு கொஞ்சமாகத்தான் கிடைக்கும், ஆனால் பையன் கை பழக இதைவிட நல்ல சரக்கு இல்லை. தடித்த வெள்ளை ஓடு வேறு, அது கடல்நுரை. நாட்டு மருந்துக் கடைக்கும் பறவை வளர்ப்பவர்களுக்கும் கழுவிக் காயவைத்தே விற்கலாம்.

பொள்ளாச்சி மச்சான் அனுப்பும் தென்னை நார்த்தூளில் செடி கருகுகிறது என்று எழுதியிருந்தாய். அங்கே கதை நேர்மாறு. ஓடு புதிதாக வேண்டும், நார்த்தூளோ பழையதாக இருக்க வேண்டும். மழையில் கிடந்து டானினும் உப்பும் இறங்கிய தூள்தான் நல்லது. கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்துத் திறன் 0.5 மில்லிசீமென்ஸுக்குக் கீழே வரும்வரை நல்ல தண்ணீரில் அலசி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுபடி அலசிக் கொடுக்கச் சொல். வெறும் தண்ணீரில் தூளோடு ஒட்டிய சோடியம் முழுக்கப் போகாது, கால்சியம்தான் அதைத் தள்ளும்.

கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு வாஷியிலேயே ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. பன்வேலிலிருந்து உங்களுக்கு ரயிலில் பக்கம்தானே. கைட்டின் செய்முறையும் பரிசோதனையும் அவர்கள் கைவந்த விஷயம். போகும்போது அறிக்கையை மட்டும் கொண்டுபோக வேண்டாம், சசூன் டாக் ஓட்டில் ஒரு பொட்டலம், தலோஜா ஏற்றுமதி ஆலை ஓட்டில் ஒரு பொட்டலம், ஐஸில் வைத்து, உரித்த நேரத்தை மேலே எழுதிக் கொண்டுபோகச் சொல். ஈரம், சாம்பல், கைட்டின் மூன்றையும் பார்க்கக் கேட்கட்டும். அந்த எண்கள் வந்ததும் எனக்கு அனுப்பு, கண்டுமுதல் பக்கத்தை நானே திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உன் ராமு