பட்டறை மாற்றிய கதை

மார்க்நொய்கிர்ஷென், ஜெர்மனி
ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். அம்மாவின் முட்டிவலி தேவலையா? நம் நாகஸ்வரப் பட்டறையைக் கொல்லைப்புறத்திலிருந்து கும்பகோணம் ரோட்டுத் தகரக் கொட்டகைக்கு மாற்றலாமா என்று போனில் கேட்டீர்கள். அன்றைக்கு வேலை மும்முரத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை. நவம்பரில் இங்கே நாங்கள் கிளாரினெட் பட்டறையை மாற்றிப் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பழைய இடம் மூன்றாவது மாடி. புதியது இரண்டு தெரு தள்ளி, தரைத்தளம். கடைசல் மெஷின்கள் நான்கையும் கிரேன்காரர் ஒரே காலையில் இறக்கிவிட்டார். மட்டம் பார்த்து நிறுத்த இரண்டு நாள். அதெல்லாம் ஒரு வேலையே இல்லை. மரம்தான் படுத்தி எடுத்துவிட்டது.

கிளாரினெட்டுக்கு இங்கே கிரெனடில்லா மரம். தான்சானியா, மொசாம்பிக் பக்கத்திலிருந்து வருகிறது. நாகஸ்வரம் கடையும் நம் ஆச்சா மரம் மாதிரியே தண்ணீரில் போட்டால் மூழ்கும். கட்டையாக அறுத்து வருஷக்கணக்கில் காயப்போடுகிறார்கள். இடித்த பழைய வீட்டுத் தூணையும் உத்தரத்தையும் நாம் தேடி அலைகிறோமே, அதே காரணம்தான். வெளியே மைனஸ் ஆறு டிகிரி. குளிர் பட்டால் மரம் வெடிக்கும் என்று முதலாளி ஒரு கட்டையைக்கூட லாரியில் ஏற்றவிடவில்லை. கம்பளியில் சுற்றி, ஹீட்டர் போட்ட காரில், பதினேழு நடை! பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது போல இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்பு நாலு நாள்கூட நிலைக்கவில்லை. புது இடத்தில் தரைக்கு அடியிலேயே சூடு ஓடுகிறது. காலுக்குச் சுகம். ஆனால் காற்றை வறளவைத்துவிடுகிறது. ஈரம் காட்டும் மீட்டர் இன்னும் பெட்டிக்குள் கிடந்தது, எடுத்து மாட்டினால் 28 சதவீதம். 45-க்குக் கீழே நாங்கள் விடுவதே இல்லை. அதற்குள், துளையை மூடும் பேட் மாற்ற வந்திருந்த ஒரு கிளாரினெட்டின் மேல்துண்டில், துளை ஓரத்திலிருந்து முடி கனத்துக்குக் கீறல்.

ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்தேன். கீறலுக்குக் குறுக்கே, உள்துளையைத் தொடாமல், ஊசி கனத்தில் ஓட்டை போட்டு எஃகுக் கம்பியைத் திருகி இறக்கினேன். பிறகு அதே மரத்தூளைப் பசையோடு அடைத்து இழைத்தேன். விரலால் தடவினால் தெரியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். முதலாளி உடைமைக்காரரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டார், காசும் வாங்கவில்லை.

அந்த வாரமே ஹாம் ஊரிலிருந்து ஒரு நாகஸ்வரம் வந்தது. அங்கே ஈழத்துத் தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, 2002-இல் கும்பாபிஷேகம் ஆனது. அந்தப் பக்கம் வாசிக்கிறவர் அனுப்பியிருந்தார். அதிலும் இதே கீறல், இதே ஹீட்டர் சூடு. குழல் பாகமான உலவைக் கையில் எடுத்ததுமே நம் ஊர்க் கடைசல் என்று தெரிந்துவிட்டது. அடியில் சுருதிக்காக மெழுகு அடைத்திருந்த ஐந்து துளைகளையும் பார்த்து முதலாளி, 'வாசிக்காத துளை எதற்கு?' என்றார். பதில் சொல்லி முடிக்க ஒரு காபி ஆறிப்போனது. கீறலுக்குள் கிரெனடில்லா தூளை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அடியில் விரியும் அணசுக்குள் உலவு மறையும் பக்கத்தில் கொஞ்சம் சுரண்டி, ஆச்சா தூளையே வைத்தேன்.

முதலாளியின் தாத்தா எல்லைக்கு அந்தப் பக்கம், இப்போது செக் நாட்டில் இருக்கும் கிராஸ்லிட்ஸில் பட்டறை வைத்திருந்தாராம். 1945-க்குப் பிறகு அங்கிருந்த ஜெர்மானியர்களை வெளியேற்றினார்கள் இல்லையா, அப்போது துளை அகட்டும் கருவிகளை மட்டும் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அளவெல்லாம் அதில்தானே இருக்கிறது. இன்றைக்கும் அவற்றை வேறு யாரும் தொடக்கூடாது.

ஆக, அப்பா, 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு ரோட்டோரம் இருந்தால் ஆள் வரும் என்று தம்பி சொல்வது சரிதான். கடையை அங்கே வையுங்கள், கடைந்ததைக் காட்டுங்கள். ஆனால் மரம் கொல்லையிலேயே இருக்கட்டும். சித்திரை வெயிலில் தகரத்துக்கு அடியில் ஆச்சா ஒரு வாரம் தாங்காது. மாற்றியே ஆகவேண்டுமென்றால் ஐப்பசியில், ஓலை வேய்ந்த பிறகு.

ஹாம்காரர் பாரி நாகஸ்வரத்துக்கு, வாயில் வைத்து ஊதும் சீவாளி கேட்கிறார். திருவாவடுதுறையில் ஒரு கட்டு வாங்கி அனுப்புங்கள். தகர டப்பாவில் வையுங்கள், போன தடவை அட்டைப்பெட்டி நசுங்கி நாலு வீணானது.

உங்கள் மகன்