பயன் இருந்தால்தான் வாழ வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாழ்வதற்கான காரணத்தைத் தேடுகிறவர்களுக்கு பௌத்தம் என்ன சொல்கிறது என்று உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மனம் உடைந்திருப்பவர்களை நினைத்து அக்கறையோடு எழுதப்பட்ட கட்டுரை. அதற்கு முதலில் நன்றி. ஆனால் பிறருக்குப் பயன்பட்டு வாழ்வதே வாழ்வதற்கான காரணம், புத்தர் சொன்னதும் அதுதான் என்று அது முடிந்த விதம் என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஓய்வுபெற்ற செவிலி. பணிக்காலத்தில் பெரும்பகுதி இரவு வார்டுகளில் கழிந்தது. பார்க்க வந்த உறவினர்கள் எல்லோரும் போன பிறகு, விளக்கைக் குறைத்த பிறகு, ஏதாவது ஒரு கட்டிலிலிருந்து ஒரு கேள்வி வரும். "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம், சிஸ்டர்?" வயதானவர்கள் மட்டும் கேட்பதில்லை. விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போன ஓர் இளைஞன் ஒவ்வொரு இரவும் கேட்பான். அவனிடம் போய், பிறருக்குப் பயன்படத்தான் தம்பி வாழ்கிறோம் என்று சொன்னால் என்ன ஆகும்? அவன் மனதுக்குள் தனக்கு எதிராக நடத்திக்கொண்டிருக்கும் வழக்குக்கு நாமே ஒரு சாட்சியைக் கொடுத்ததாகிவிடும். நல்ல எண்ணத்தோடு சொல்லப்படும் இந்த வாசகம் படுக்கையில் கிடப்பவர்களைக் காயப்படுத்துவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதே கேள்வி புத்தரிடமும் வந்திருக்கிறது. பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய பிடகத்தில், மகாவக்கம் என்ற பகுதியில் அந்த நிகழ்ச்சி இருக்கிறது. என்னோடு வேலை பார்த்த பௌத்தத் தோழி ஒருத்தி எனக்கு அதைக் காட்டினாள். புத்தரும் அவருடைய சீடர் ஆனந்தரும் பிக்குகளின், அதாவது துறவிகளின், இருப்பிடங்களைப் பார்த்துக்கொண்டே வருகிறார்கள். ஓரிடத்தில் ஒரு பிக்கு வயிற்றுப்போக்கால் துவண்டு, தன் மலத்திலும் சிறுநீரிலுமே கிடக்கிறார். உன்னைக் கவனிக்க யாரும் இல்லையா என்று புத்தர் கேட்கிறார். இல்லை என்கிறார் அவர். ஏன் இல்லை? "நான் மற்ற பிக்குகளுக்கு எதுவும் செய்வதில்லை, அதனால் அவர்கள் என்னைக் கவனிப்பதில்லை."

யாருக்கும் பயன்படாதவன் நான், அதனால் இப்படிக் கிடக்கிறேன். வார்டில் நான் கேட்ட அதே பேச்சு.

இதற்கு புத்தர் என்ன செய்தார் என்று பாருங்கள். உன்னால் இன்னும் இன்ன இன்ன செய்ய முடியும் என்று பட்டியல் போடவில்லை. மனிதப் பிறவி எவ்வளவு அரிது என்று சொல்லும் குருட்டு ஆமை உவமை அவர் பெயரில் பௌத்த நூல்களில் உண்டு. நூறு ஆண்டுக்கு ஒருமுறை கடலுக்கு மேலே வரும் ஆமை, அலையில் மிதக்கும் நுகத்தடியின் ஒற்றைத் துளைக்குள் தலையை நுழைப்பது எவ்வளவு அரிதோ அவ்வளவு அரிது என்பது அதன் கருத்து. அந்த உவமையையும் அன்று அந்தக் கட்டில் பக்கத்தில் அவர் சொல்லவில்லை. ஆனந்தா, தண்ணீர் கொண்டுவா என்றார். புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் உடம்பைக் கழுவினார். தலைப்பக்கம் புத்தரும் கால்பக்கம் ஆனந்தரும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். அதன் பிறகுதான் பேச்சு, அதுவும் நோயாளியிடம் அல்ல, மற்ற பிக்குகளிடம். உங்களைக் கவனிக்க இங்கே தாயும் இல்லை, தந்தையும் இல்லை. நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் வேறு யார் பார்ப்பார்? எனக்குப் பணிவிடை செய்ய நினைப்பவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்றார். அதே பகுதியில், மலம், சிறுநீர், வாந்தி, சளி எதை அள்ளவும் அருவருக்காதவரே நோயாளியைக் கவனிக்கத் தகுந்தவர் என்று எழுதியிருக்கிறது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அதைப் படிக்கும்போது நெஞ்சு நிறைந்துவிடும்.

பிறருக்கு உதவுவது பௌத்தத்தில் உயர்ந்த அறம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் வாழத் தகுதியானவர் என்பதற்கு அது அனுமதிச் சீட்டு இல்லை. அந்த பிக்குவுக்கு உடனே எந்தப் பயனும் வந்துவிடவில்லை. அவரை எடுத்துக் கழுவினார்கள், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற பிறகு இடுப்பு எலும்பு முறிந்து மாதக்கணக்கில் நானே படுக்கையில் கிடந்தேன். எத்தனையோ பேருக்கு ஈரத்துணியால் உடம்பு துடைத்துவிட்டவள்தான். ஆனால் என் மகள் எனக்குத் துடைத்துவிட வந்தபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். காலையில் கண் விழிக்காமலே போய்விட்டால் இவளுக்காவது நிம்மதி என்று தோன்றிய நாட்கள் உண்டு. அந்த நாட்களில் எந்தப் பெரிய லட்சியமும் என்னைப் பிடித்து நிறுத்தவில்லை. "அம்மா, இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பும்மா, முதுகு துடைக்கணும்" என்ற குரலுக்குத் திரும்பிப் படுத்தேன். மறுநாளும் திரும்பினேன்.

நம் தமிழ்ப் பௌத்தக் காப்பியமான மணிமேகலையில் இதன் மறுபக்கம் இருக்கிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கையில் வைத்து ஊரையே ஊட்டியவன் ஆபுத்திரன். நாட்டில் மழை பெய்து வளம் பெருகியதும் அவனிடம் கையேந்த ஆளில்லை. பசியால் வாடும் சாவக நாட்டுக்குக் கப்பலேறியவன், வழியில் ஆளில்லாத மணிபல்லவத் தீவில் தனியே விடப்பட்டுவிடுகிறான். எல்லா உயிரையும் காக்கும் இந்தப் பாத்திரம் என் ஓர் உயிரை மட்டும் காப்பதை நான் பொறுக்கமாட்டேன் என்று அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உயிர் துறக்கிறான். காப்பியம் அவனைப் போற்றுகிறது. எனக்கோ ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் மனசு அடித்துக்கொள்ளும். உன் உயிரும் அந்த எல்லா உயிர்களில் ஒன்றுதானேப்பா என்று சொல்ல அந்தத் தீவில் ஓர் ஆள் இல்லையே!

அப்புறம், வாழ்வே துன்பம் என்று சொல்லும் மதம் சாவைத்தானே தீர்வாகக் காட்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். உங்கள் கட்டுரையாளரும் அதைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். புத்தரின் முதல் பேருரையிலேயே இதற்குப் பதில் உண்டு. துன்பத்துக்குக் காரணமான வேட்கைகள் மூன்று என்கிறார்: புலனின்ப வேட்கை, இருக்க வேண்டும் என்ற வேட்கை, இல்லாமல் போய்விட வேண்டும் என்ற வேட்கை. மூன்றாவதற்கு விபவ தண்ஹா என்று பெயர். இல்லாமல் போக வேண்டும் என்ற ஆசை துன்பத்தின் முடிவு அல்ல, அதுவும் துன்பத்தின் காரணங்களில் ஒன்று. காரணங்கள் கூடும்போது எழும், அவை மாறும்போது தணியும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வலியும் தூக்கமின்மையும் தனிமையும் சேர்ந்த நடு இரவில் போதும் சிஸ்டர் என்று அழுதவர், வலி குறைந்து நான்கு மணி நேரம் தூங்கி எழுந்ததும், பேப்பர் வந்துவிட்டதா என்று கேட்பார். எல்லோருக்கும் அவ்வளவு சீக்கிரம் தணிவதில்லை. மனச்சோர்வு நோய்க்கு மருத்துவரும் மருந்தும் வேண்டும். தியானம் அதற்கு மாற்று இல்லை.

தியானமே சிலருக்கு ஆகாமல் போகும் என்பதும் பௌத்த நூல்களில் பதிவாகியிருக்கிறது. வைசாலியில் உடலின் அசுத்தத்தைத் தியானித்த பிக்குகள் பலர் தங்கள் உடல்மீதே வெறுப்புற்று உயிரைவிட்டார்கள். தனிமையிலிருந்து திரும்பிய புத்தர், பிக்கு சங்கத்தில் ஆட்கள் குறைந்திருக்கிறார்களே என்று கேட்டார். ஆனந்தர் நடந்ததைச் சொல்லி, வேறு வழி கற்பிக்க வேண்டினார். மூச்சைக் கவனிக்கும் பயிற்சியை அப்போதுதான் புத்தர் கற்பித்தார். மீறினால் சங்கத்தில் இடமே இல்லை என்னும் கடும் விதிகளுக்குப் பாராஜிகம் என்று பெயர்; பிக்குகளுக்கான மூன்றாவது பாராஜிக விதியும் இந்த நிகழ்ச்சியோடுதான் சொல்லப்படுகிறது. மனித உயிரைக் கொல்பவர் மட்டுமல்ல, சாவைப் புகழ்ந்து பேசி ஒருவரைச் சாவுக்குத் தூண்டுபவரும் சங்கத்திலிருந்து நீங்கியவர் ஆவார் என்பது அந்த விதி.

தீராத நோயில் உயிரை விட முடிவெடுத்த சன்னர் போன்ற பிக்குகளின் கதைகளும் இருக்கின்றனவே என்று விவரம் அறிந்த வாசகர்கள் கேட்கலாம். இருக்கின்றன. அவற்றை எப்படிப் புரிந்துகொள்வது என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். நான் பார்ப்பது, சன்னரின் கட்டிலருகே புத்தரின் முதன்மைச் சீடரான சாரிபுத்தர் முதலில் பேசியதை. வேண்டாம், நீங்கள் வாழுங்கள், நீங்கள் வாழ வேண்டும் என்றே நாங்கள் விரும்புகிறோம்; ஏற்ற உணவு இல்லையா, நான் தேடி வருகிறேன்; மருந்து இல்லையா, கொண்டு வருகிறேன்; கவனிக்க ஆள் இல்லையா, நானே இருந்து கவனிக்கிறேன். சன்னர் எங்கே பயன்படுவார் என்ற பேச்சே அதில் இல்லை.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். தற்கொலைச் செய்திகளுக்குத் தலைப்பு வைக்கும்போது, விடுதலை அடைந்தார், வேதனையிலிருந்து விடைபெற்றார் போன்ற சொற்களைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். இரவு மூன்று மணிக்கு அதைப் படிப்பவருக்கு அது சாவைப் புகழும் பேச்சாகத்தான் கேட்கும். அடுத்து, இப்படிப்பட்ட கட்டுரைகளின் கீழே பொடி எழுத்தில் போடும் உதவி எண்ணைப் பெரிதாக, கட்டுரையின் தலையிலேயே போடுங்கள். அந்த நிலையில் இருப்பவர்கள் கடைசிப் பத்திவரை படிக்கமாட்டார்கள்.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது இப்போது அந்த எண்ணம் இருந்தால், முழு வாழ்க்கைக்கும் காரணம் கண்டுபிடித்த பிறகுதான் பேச வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரையோ, உதவி எண்ணில் பேசுபவரையோ, மருத்துவரையோ இன்றைக்கே கூப்பிட்டு, முடியவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலி, உங்கள் நெடுநாள் வாசகி