உரிமத்தை மட்டும் ஆய்வு செய்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலை விபத்துகள் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். கனரக வாகன ஓட்டுநர்களின் உரிமத்தை ஆண்டுதோறும் மறுஆய்வு செய்தாலே போதும் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் தீர்ப்பெழுதிவிட்டார். லாரியில் ஒருநாளாவது ஏறிப் பார்த்தவர் எழுதிய வரியாகத் தெரியவில்லை. அவருக்கு விவரம் தெரியாமல் இருக்கலாம். அதை அச்சேற்றிய உங்களுக்குமா தெரியாது?

அதைப் படித்தால், மறுஆய்வு என்ற ஒன்றே இல்லாமல் லாரி ஓட்டுநர்களான நாங்கள் கட்டவிழ்த்துவிட்ட காளைகளைப் போலத் திரிவதாக வாசகர்கள் நினைத்துக்கொள்வார்கள். எங்கள் உரிமம் முன்பு மூன்றாண்டுக்குத்தான் செல்லும்; 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஐந்தாண்டு. அபாயகரமான சரக்கு ஏற்றுபவருக்கு மட்டும் மூன்றே ஆண்டு, அதுவும் மறுபயிற்சிக்குப் போய்வந்த பிறகு. புதுப்பிக்கும்போது மருத்துவர் கையெழுத்திட்ட 1-ஏ என்னும் உடல்தகுதிச் சான்றுப் படிவம் கொடுக்க வேண்டும்.

அந்தப் படிவம் எப்படி நிரம்புகிறது என்று சொல்கிறேன். சென்ற முறை எனக்குக் கையெழுத்திட்ட மருத்துவர் தலையே நிமிரவில்லை. ரத்த அழுத்தம் பார்க்கவில்லை, தூரத்தில் ஓர் எழுத்தைக்கூடக் காட்டிப் படிக்கச் சொல்லவில்லை. பார்வை நன்றாக இருக்கிறது என்று எழுதி, கட்டணத்தை மட்டும் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். அவருடைய பார்வையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. இதையே ஆண்டுதோறும் செய்தால் விபத்து குறையுமாம்! மருத்துவருக்கும் இடைத்தரகருக்கும் வருமானம் கூடும், அவ்வளவுதான்.

சரி, உண்மையாகவே சோதித்தாலும் கண்ணைச் சோதிப்பார்கள். தூக்கத்தை யார் சோதிப்பது? பொதுவாக ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே சொல்லிவிட்டது. அப்படி ஒரு சட்டம் இருப்பதையே நான் பணிபுரிந்த முதலாளி ஒருவரிடம் எடுத்துச் சொன்னேன். சட்டத்தையே ஓட்டச் சொல் என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டார். தேசிய பெர்மிட் லாரியில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்ற விதியாவது முன்பு இருந்தது. 2018-இல் அதையும் நீக்கிவிட்டார்கள். நீக்கியபோது உங்கள் இதழ் அதைப் பற்றி ஒரு தலையங்கம்கூட எழுதிய நினைவு எனக்கு இல்லை. சரக்கு இறக்க இரண்டு நாள் காக்கவைப்பார்கள். அந்தத் தாமதத்தையும் இரவோடு இரவாக ஓட்டித்தான் ஈடுகட்ட வேண்டும். குளிர்சாதன வசதியுள்ள கேபின் 2025 அக்டோபர் முதல் கட்டாயம் என்றார்கள். அது புதிதாகத் தயாராகும் லாரிகளுக்கு மட்டும். பழைய லாரியில் இன்ஜின் சூட்டில் வேகிறவர்கள் வெந்துகொண்டே இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. இருசக்கர வாகனம் எதிர்த்திசையில் விளக்கில்லாமல் வந்து மோதினாலும் உங்கள் தலைப்பு ‘லாரி மோதி’ என்றுதான் தொடங்குகிறது. ஏன் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டு எழுதிய கடிதங்கள் எங்கே போயின என்பது உங்களுக்கே தெரியும்.

நான் கேட்பது சின்ன உதவிதான். உரிமம் காலாவதியான பிறகும் முப்பது நாள் செல்லும் என்று எங்களில் பலர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சலுகையை 2019 திருத்தம் எடுத்துவிட்டது. மறுநாளே பிடிபட்டால் அபராதம் ஐயாயிரம் ரூபாய். புதுப்பிப்பதற்குள் விபத்தும் நடந்துவிட்டால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டுத் தொகையை உரிமையாளர் தலையில் கட்டப் பார்க்கும். அவர் அதை எங்கள் சம்பளத்தில் பிடிப்பார். காலாவதியாகும் நாளுக்கு ஓராண்டு முன்னதாகவே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம் என்பதும், காலாவதியாகி ஓராண்டு தாண்டினால் மீண்டும் ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெற வேண்டும் என்பதும் வெளியூரிலேயே காலம் கழிக்கும் எங்கள் ஆட்களுக்குத் தெரிவதில்லை. இவ்வளவையும் ஒரு சிறு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். இடம் போதவில்லை என்றால், அந்தக் கட்டுரையாளரின் புகைப்படத்தைச் சற்றே சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கனரக வாகன ஓட்டுநர் ஒருவர்