நாகுவுக்கு ஒரு கரண்ட் சமாச்சாரம்

அன்புள்ள நாகு,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சுப்புணி சொன்னான். கறுப்புக் கண்ணாடியோடு நீ கடைவீதியில் போஸ் கொடுத்துத் திரிவதாகவும் கேள்வி. கொடு, கொடு. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

ஜூனில் மதியும் மாப்பிள்ளையும் எங்களை நார்வேக்கு, பெர்கன் ஊருக்கு அழைத்துப் போனார்கள். மழை, மீன் மார்க்கெட், காபி விலை எல்லாவற்றையும் சாரதா போனில் அளந்திருப்பாள். நான் சொல்ல வந்தது கரண்ட் சமாச்சாரம். ஆயுசு முழுக்க சப்ஸ்டேஷனில் குப்பை கொட்டிய உன்னை விட்டால் இதை யாரிடம் சொல்வது?

ஒருநாள் ஃப்ளாம் வரை போய்வர வாடகைக் கார் எடுத்தோம். பேட்டரிக் கார். 'பொம்மைக் கார்' என்று கேலி பண்ணுவாயே, அதேதான். அந்த நாட்டில் 2024-இல் விற்ற புதுக் கார்களில் நூற்றுக்கு 89 இந்தப் பொம்மைதான், தெரிந்துகொள். கரண்டும் பெரும்பாலும் தண்ணீரிலிருந்தே எடுக்கிறார்கள். சாவியை நீட்டிய பையன் நன்றாகச் சிரித்தான். எங்கே சார்ஜ் போடுவது, எப்படிப் பணம் கட்டுவது என்று மட்டும் மூச்சுவிடவில்லை.

பேட்டரி 60 யூனிட். போக ஏறக்குறைய 170 கிலோமீட்டர், வர அதே தூரம். மதி ஓட்டினாள், எனக்கு முன் சீட். வெளியே மலைக்கு மலை அருவி கொட்டுகிறது. என் கண்ணோ திரையில் குறைந்துகொண்டே வரும் சதவீதத்தின் மேல். குட்வாங்கன் சுரங்கம் மட்டுமே 11 கிலோமீட்டருக்கு மேல். உள்ளே வண்டி நின்றுவிட்டால்? "பெட்ரோல் வண்டியும்தான் நிற்கும், பேசாமல் வாங்கப்பா" என்றாள். ஃப்ளாமுக்குப் பக்கத்து ஊரான அவுர்லாண்டுக்கு அப்பால் 24.5 கிலோமீட்டர் நீளத்தில் இன்னொரு சுரங்கம் இருக்கிறது. ஓட்டுகிறவர் கண்ணயராமல் இருக்க நடுநடுவே குகை வெட்டி நீல விளக்குப் போட்டிருக்கிறார்களாம். சாரதா அதற்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

அதனால் மலை ஏறினோம். ஸ்டேகஸ்டைன் என்று ஒரு மேடை, கடலுக்கு 650 மீட்டர் மேலே, மலையிலிருந்து 30 மீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கிறது. முனையில் தடுப்புக்கு வெறும் கண்ணாடி. நான் பாதியோடு நின்றுகொண்டேன். அடிவாரத்தில் 51 இருந்த சதவீதம் மேலே 44. போச்சு, இன்று ராத்திரி காரில்தான் படுக்கை என்று நினைத்தேன்.

இறங்கும்போதுதான் வேடிக்கை. கொண்டை ஊசி வளைவுகள் அத்தனையிலும் மதி பிரேக்கைத் தொட்டதே அபூர்வம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், வண்டியே இழுத்துப் பிடிக்கிறது. சதவீதம் 45 ஆயிற்று, 46 ஆயிற்று, அவுர்லாண்ட் வந்தபோது 47! கொடைக்கானல் ரோட்டில் பிரேக் கருகும் வாடையோடு இறங்குவோமே, அங்கே சூடாய் வீணாகிறதில் பெரும்பங்கு இங்கே கரண்டாகிப் பேட்டரிக்குள் போகிறது. மோட்டாரைச் சக்கரம் சுற்றினால் அது ஜெனரேட்டர் என்று சப்ஸ்டேஷன் வாசலில் சாக்பீஸால் நீ படம் போட்டாய். சினிமாவுக்கு நேரமாச்சு என்று நானும் சுப்புணியும் நழுவினோம். இரண்டு டன் வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்க மூன்றரை யூனிட், அதில் பாதி திரும்பிவிட்டது என்கிறார் மாப்பிள்ளை. கணக்குச் சரியா என்று பார்.

திரும்பும் வழியில் வொஸ் என்ற ஊரில் சார்ஜ் போட நிறுத்தினோம். கொட்டுகிற மழை. முதல் மெஷினின் ஆப், உள்ளூர் போன் நம்பர் இருந்தால்தான் ஆச்சு என்றது. பக்கத்து மெஷின் கார்டு வாங்கிக்கொண்டது. கேபிள் என் மணிக்கட்டுத் தடிமன், குளிரில் விறைத்துக் கிடந்தது. மதி அந்த ஈரப் பிளக்கைத் தூக்கினாள். நாகு, எனக்கு மாரியப்பன் ஞாபகம் வந்துவிட்டது. அந்த ஐப்பசி மழை, கம்பத்தடியில் அவன் செருப்பு, அப்புறம் ஒரு வாரம் நீ யாரோடும் பேசாமல் இருந்தது, எல்லாம். "வை அதைக் கீழே" என்று கத்தியே விட்டேன். பேரன் பயந்துபோனான்.

மதி கோபப்படவில்லை. செருகியதுமே கரண்ட் பாயாதாம். வண்டியும் மெஷினும் முதலில் தகவல் பரிமாறி, பிளக் பூட்டிக்கொண்டு, எங்காவது கசிகிறதா என்று சோதித்த பிறகுதான் விடுமாம். 'டக்'கென்று பூட்டு விழுந்த சத்தம் எனக்கும் கேட்டது. அப்புறமும் நான் வண்டியைத் தொடாமல்தான் நின்றேன். சாரதா உள்ளே உட்கார்ந்து எலுமிச்சை சாதத்தைப் பங்குபோட்டு முடிப்பதற்குள் 80 தொட்டுவிட்டது. அதற்கு மேல் ஆமை வேகம் என்று மதி பிடுங்கிவிட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நானும் ஒன்று வாங்கலாமா என்று பார்க்கிறேன். சிரிக்காதே. எங்கள் ஃபிளாட்டில் கார் நிறுத்தும் இடத்தில் பாயின்ட் போட வேண்டும். தண்ணீர் தேங்குகிற இடம், ஷாக் அடிக்கும் என்கிறார் செக்ரெட்டரி. என் மீட்டரிலிருந்தே கேபிள் இழுக்கலாமா, தனி சர்வீஸ் வாங்கணுமா, எர்த்துக்கு என்ன வழி? டாக்டர் வெளியே போகலாம் என்று சொன்னதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இடத்தைப் பார், அந்த மனுஷனிடமும் நீயே பேசு. சாப்பாடு இங்கேதான். வத்தக்குழம்பு வைப்பதாகச் சாரதா சொல்லியாயிற்று.

அன்புடன்,
ராமு