டிஜிபி ஐயாவுக்கு: எங்க பெஞ்சைப் பாத்த கண்ணு உடைஞ்ச ஷட்டரையும் பாக்கணும்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு டிஜிபி ஐயாவுக்கு வணக்கம்.

நான் ஒரு சின்ன டவுன்ல சாயங்கால டிபன் கடை வச்சிருக்கேன். நான், என் வீட்டம்மா, பரோட்டா போடுற தம்பி, அவ்வளவுதான் கடை. உங்க ஸ்டேஷன் பசங்களே நைட் டூட்டில எங்கிட்ட பார்சல் வாங்கிட்டுப் போவாங்க, காசும் குடுப்பாங்க, அதையும் சொல்லிடணும், அதனால போலீஸ் மேல கோவத்துல எழுதுறேன்னு நினைக்க வேண்டாம் ஐயா.

போன ஐப்பசில ஒரு நாள் விடியக்காலைல வந்து பாத்தா ஷட்டர் பூட்டை உடைச்சிருக்கான், ரெண்டு கேஸ் சிலிண்டர் போச்சு, கல்லால வாடகைக்குன்னு எடுத்து வச்சிருந்த பணம் போச்சு, கிரைண்டர் மோட்டாரைக்கூட கழட்டிட்டுப் போயிட்டான். எதிர்ல இருக்குற மெடிக்கல்காரர் கேமரால ஆள் வந்தது, பைக்ல சிலிண்டரை வச்சுக் கட்டுனது எல்லாம் தெளிவா இருக்கு. பென்டிரைவ்ல போட்டு ஸ்டேஷனுக்கு எடுத்துட்டுப் போனேன். காலைல உக்காந்தவன் மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்தேன், எழுதிக் குடுத்துட்டுப் போங்க பாக்குறோம்னு சொன்னாங்க. மூணாவது நாள் நடந்து நடந்து புகார் வந்துச்சுன்னு மட்டும் எழுதிக் குடுக்குற சிஎஸ்ஆர் ரசீது ஒண்ணு வாங்குனேன். எஃப்ஐஆர் இன்னிக்கு வரைக்கும் இல்ல. அந்த பென்டிரைவை யாரும் ஒரு கம்ப்யூட்டர்ல சொருகிக்கூட பாக்கல.

அதே மாசக் கடைசில கடைக்கு வெளிய ஒரு மர பெஞ்ச் போட்டிருந்தேன்னு என் மேல ஒரு கேஸ். பெரியவங்க ரெண்டு பேர் உக்காந்து இட்லி சாப்பிடுவாங்க, அந்த பெஞ்ச். பத்தே நிமிஷத்துல பேரு, அப்பா பேரு, ஆதார் நம்பர் எல்லாம் எழுதி முடிச்சாச்சு. பொது வழிக்கு இடைஞ்சல். பழைய ஐபிசி சட்டத்துல இதுக்கு அபராதம் 200 ரூபா வரைக்கும்தான், 2024 ஜூலைல இருந்து புதுச் சட்டத்துல 5000 ரூபா வரைக்கும் போடலாம். ஃபைன் ஒரு பக்கம் இருக்கட்டும், கோர்ட்டுக்குப் போன அன்னிக்கு கடை திறக்கல, அரைச்ச மாவு புளிச்சுப் போச்சு, தம்பிக்கு மட்டும் சம்பளம் குடுத்தேன்.

பெஞ்ச் போட்டது தப்புன்னா தப்புதான், ஃபைன் கட்டிட்டேன், பெஞ்சையும் உள்ள எடுத்துட்டேன். ஆனா பெஞ்சுக்கு பத்து நிமிஷம் கிடைக்குது, பூட்டை உடைச்சதுக்கு ஏன் மாசக் கணக்கா நேரம் கிடைக்கல? கைது பண்ணக்கூடிய குற்றம்னு தகவல் வந்தா எஃப்ஐஆர் போட்டே ஆகணும்னு 2013லயே சுப்ரீம் கோர்ட்ல அஞ்சு நீதிபதிங்க சொல்லியாச்சு. மாசக் கடைசில கணக்கு காட்ட இந்த மாதிரி சின்னச் சின்ன கேஸ், பெட்டி கேஸ்னு சொல்வாங்களே, அது வேணும்னு ஊர்ல எல்லாரும் பேசிக்கிறாங்க. திருடனைப் புடிக்க நாலு ஊரு அலையணும், கடைக்காரன் அங்கயேதான் நிப்பான், எங்கயும் ஓட மாட்டான். அதனாலதான் எண்ணிக்கைக்கு நாங்க ஆகுறோம்னு எனக்குத் தோணுது.

நைட்டு கடை மூடுற விஷயமும் இதேதான். 2019ல அரசாங்கம் 24 மணி நேரமும் கடை திறக்கலாம்னு ஆணை போட்டப்ப அது பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற கடைங்களுக்குன்னு எழுதிட்டாங்க. அப்ப பெரிய ஷோரூம் விடிய விடிய திறக்கலாம், பஸ்ஸை விட்டு இறங்குற ஆளுக்கு ரெண்டு தோசை ஊத்துறவன் மட்டும் லத்தி சத்தம் கேட்டு அடுப்பை அணைக்கணும். 2022ல டிஜிபியா இருந்த சைலேந்திர பாபு ஐயாவே நைட்டு கடைக்காரங்களை தொந்தரவு பண்ணாதீங்கன்னு சுற்றறிக்கை அனுப்புனாரு. அது எங்க ஊரு ரோந்து போலீஸ் வரைக்கும் வந்து சேரல.

கடை மூடுற நேரம்னு சொல்லும்போதே எங்களுக்கு சாத்தான்குளம் ஞாபகம் வந்துடும் ஐயா. 2020 ஜூன் 19, ஒரு செல்போன் கடை, ஊரடங்கு நேரத்துல மூடலைன்னு ஆரம்பிச்ச விஷயம். கடைக்கார அப்பாவையும் மகனையும் போலீஸ் புடிச்சுட்டுப் போய் அடிச்சதுல, 22ஆம் தேதி ராத்திரி மகன் போயிட்டாரு, 23 காலைல அப்பா போயிட்டாரு. சிபிஐ வரைக்கும் போன கேஸ். அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு ஜீப் லைட் தெரிஞ்சாலே என் வீட்டம்மா கல்லாப்பொட்டியை விட்டுட்டு வந்து என் சட்டையைப் புடிச்சு உள்ள இழுப்பா. அந்த ஊரடங்குல போட்ட கேஸ்ல சுமார் 10 லட்சத்தை வாபஸ் வாங்குறோம்னு 2021 பிப்ரவரில அரசாங்கமே அறிவிச்சுது. அத்தனையும் எழுதுன கை, நேரம், பேப்பர் எல்லாம் உங்க ஆளுங்களோடதுதானே ஐயா, அந்த நேரத்துல எத்தனை திருட்டு கேஸ் பாத்திருக்கலாம்.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. சின்ன கடைக்காரன் முதல் தடவை தப்பு பண்ணா வாயால சொல்லுங்க, ஒரு நாள் டைம் குடுங்க, கேட்கலைன்னா கேஸ் போடுங்க. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் மாசம் எத்தனை பெட்டி கேஸ் போட்டாங்கன்னு கேக்கும்போது கூடவே எத்தனை திருட்டுப் புகார் சிஎஸ்ஆரோட நிக்குதுன்னும் கேளுங்க.

வர்ற புதன்கிழமை எஸ்பி ஆபீஸ் மனு நாளுக்கு சிஎஸ்ஆர் ரசீதையும் அந்த பென்டிரைவையும் எடுத்துட்டு வர்றேன். அன்னிக்கும் கடை லீவுதான். வீடியோ மொத்தமே நாலு நிமிஷம், யாராவது ஒருத்தர் முழுசா உக்காந்து பாக்கச் சொல்லுங்க ஐயா.

இப்படிக்கு,
ஒரு டிபன் கடைக்காரன்