'சர் கலஹாட்' கப்பலின் கதையைச் சொல்லத் துணை நின்றவர்களுக்கு

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். 1982-ல் ஃபாக்லாந்துத் தீவுகளுக்காக பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய போரில் குண்டுபட்டு எரிந்த பிரிட்டிஷ் கப்பல் 'சர் கலஹாட்' பற்றி ஜூன் மாதக் கூட்டத்தில் நான் பேசி முடித்ததும் எல்லோரும் என் கையைப் பிடித்துப் பாராட்டினீர்கள். அந்தப் பாராட்டில் பெரும்பங்கு மேடைக்கு வராதவர்களுக்குச் சேர வேண்டியது. அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் நம் எலெக்ட்ரிகல் ஆபீசர் அண்ணாச்சி. படைகளைக் கரையில் இறக்கும் கப்பல் எப்படி இருக்கும் என்பதைக் கிராஃப் தாளில் வரைந்து கொடுத்தவர் அவர். முகப்பில் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. டாங்கிகள் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும். நடுவில் குறுக்குச் சுவரே இல்லாத நீண்ட தளம். அந்தத் தளத்தில் தீப்பிடித்தால் புகை எந்த வழியாக ஓடும் என்று பென்சிலால் ஒரே கோடு இழுத்தார். அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான் 1982 ஜூன் 8 அன்று நடந்தது எனக்கு முழுசாகப் புரிந்தது.

'ராஜுலா' பயணிகள் கப்பலில் பினாங்கு போய் வந்த பெரியவருக்கும் நன்றி. 1966-ல் கிளாஸ்கோவில் கடலில் இறக்கப்பட்ட சர் கலஹாட்டை முதலில் நிர்வகித்தது, ராஜுலாவை ஓட்டிய அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிதான் என்று எடுத்துச் சொன்னவர் அவர். 1970-ல்தான் அது பிரிட்டிஷ் கடற்படையின் துணைக் கப்பல் பிரிவுக்குப் போனது. காயம்பட்டவர்களை ஏற்றிய மருத்துவமனைக் கப்பல் 'உகாண்டா'வும் அதே கம்பெனிக்காகக் கட்டப்பட்டதுதான். கேட்டுக்கொண்டிருந்த நம் வயதுக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததே அந்த இடத்தில்தான்.

பழைய செய்தித்தாள்களை எடுத்துத் தந்த நூலகத் தங்கைக்கு நன்றி. ஃபாக்லாந்துப் போரில் மே 24 அன்றே அந்தக் கப்பலில் ஒரு குண்டு விழுந்தது. வெடிக்கவில்லை. அதை அகற்றிவிட்டு மறுபடி வேலைக்கு அனுப்பினார்கள். ஜூன் 8 அன்று வேல்ஷ் கார்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் தரைப்படைப் பிரிவின் வீரர்களோடு, அந்தத் தீவுகளில் உள்ள ஃபிட்ஸ்ராய் என்ற ஊருக்கு வந்து நின்றது. வானம் தெளிவாக இருந்தது, துணைக்குப் போர்க்கப்பல் இல்லை. ஆட்களை இறக்குவதில் மணிக்கணக்காகத் தாமதம். பிற்பகலில் அர்ஜென்டினாவின் ஸ்கைஹாக் போர் விமானங்கள் வந்து குண்டு போட்டன, கப்பல் தீப்பிடித்தது. இந்தக் கப்பலில் மட்டும் 48 பேர் இறந்தார்கள், அதில் 32 பேர் வேல்ஷ் கார்ட்ஸ். பக்கத்தில் நின்ற 'சர் டிரிஸ்ட்ரம்' கப்பலிலும் இருவர். யார் மேல் குற்றம் என்ற வாதம் நாற்பது வருஷமாக ஓடுகிறது. அதற்குள் நான் போகவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. அந்தக் கப்பலை ஓட்டியவர்கள் நம்மைப் போன்ற வணிகக் கப்பல்காரர்கள். அதிகாரிகள் பிரிட்டிஷ்காரர்கள், மாலுமிகள் ஹாங்காங் சீனர்கள். இறந்த கப்பல் ஊழியர் ஐவரில் மூவர் இன்ஜினியர்கள், இருவர் ஹாங்காங்காரர்கள். இந்த விவரத்தை நோக்கி என்னைத் திருப்பிவிட்டவர் என்னோடு எண்ணெய்க் கப்பலில் வேலை பார்த்த ஹாங்காங் நண்பர். தம்பி, உனக்குத் தமிழ் தெரியாது. இதை உன் மகள் மொழிபெயர்த்துச் சொல்லட்டும்.

செகண்ட் இன்ஜினியர் பால் ஹென்றி இன்ஜின் கண்ட்ரோல் ரூமில் ஜூனியர் ஒருவரோடு புகையில் சிக்கினார். மூச்சுக் கருவி ஒன்றுதான் இருந்தது. அதை ஜூனியரை மாட்டச் சொல்லி வெளியே அனுப்பினார். ஜூனியர் பிழைத்தார், அவர் பிழைக்கவில்லை. இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. புகை சூழ்ந்தால் படி எந்தப் பக்கம் என்பதே மறந்துபோகும். அந்த நிலையில் தன் முகத்துக்குப் போக வேண்டியதை இன்னொருவன் முகத்துக்குக் கொடுத்திருக்கிறார்.

சியூ யியூ நாம் என்பவர் ஒரு ஹாங்காங் மாலுமி. தீயணைப்புக் குழுவில் இருந்தவர். ஆஸ்பெஸ்டாஸ் உடையோடு எரிகிற தளத்துக்குள் திரும்பத் திரும்பப் போய்க் குறைந்தது பத்துப் பேரை வெளியே இழுத்து வந்தார். இருவருக்கும் வீரச் செயலுக்கான பிரிட்டனின் ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார்கள், ஹென்றிக்கு இறந்த பிறகு. கடைசி ஆளாக இறங்கிய கேப்டன் பிலிப் ராபர்ட்ஸும் விருது பெற்றார். ஆனால் இந்தக் கதை சொல்லப்படும் இடங்களில் சியூவின் பெயர் அவ்வளவாக வருவதில்லை. அது எனக்கு இன்றைக்கும் மனத்தாங்கல்தான். அன்று கூட்டத்தில் அவர் பெயரைச் சேர்ந்து சொன்னீர்களே, அதற்குத் தனியாக ஒரு நன்றி.

புகைக்குள் சீ கிங் ஹெலிகாப்டர்களைத் தாழ இறக்கி, இறக்கைக் காற்றாலேயே உயிர்காப்பு மிதவைகளை நெருப்பிலிருந்து தள்ளிவிட்ட விமானிகளுக்கும், குளிரில் நனைந்து கரையேறியவர்களைக் கவனித்துக்கொண்ட ஃபிட்ஸ்ராய் மக்களுக்கும் என் மடல் போய்ச் சேராது. சரி, இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

அந்த ஜூன் மாதமே பிரிட்டனின் 'ஓனிக்ஸ்' நீர்மூழ்கி, எரிந்த கப்பலை டார்பிடோவால் மூழ்கடித்தது. இன்று அது போர்க் கல்லறை.

என் எழுத்தைத் திருத்திய தமிழாசிரியைக்கும், மழையில் புரொஜெக்டரைத் தூக்கிவந்த பையன்களுக்கும், சுக்குக் காப்பி போட்டுத் தந்த மதினிமாருக்கும் நன்றி. அப்புறம், இந்தப் பேச்சு சிறு புத்தகமாக அச்சுக்குப் போகிறது. கப்பல் படிப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுப்போம். முழுச் செலவையும் ஏற்றவர் தன் பெயர் வேண்டாம் என்கிறார். ஐயா, பெயர் போடவில்லை. நன்றியை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கப்பல் இன்ஜினியர்,
தூத்துக்குடி